திரையைக் காட்டவா, பேரைச் சொல்லவா

கிர்கிஸ் மலையூரான கரா-பூலாக்கில் போன் பேசுவதற்கு வீட்டுக்கு வீடு ஓர் இடம் உண்டு. சில வீட்டில் கொட்டில் கூரை, சில வீட்டில் கக்கூஸ் போகிற வழியில் இருக்கிற கல். புருலுக்கு வாய்த்தது அடுப்புப் பக்கத்து ஜன்னல். அந்த ஜன்னல் திண்டில் போனைச் சாய்த்து வைத்தால்தான் சிக்னல் வரும். கையில் எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு நகர்ந்தால் போயே போச்சு. ஆகையால் அந்த வீட்டில் ரகசியம் பேச வேண்டியவள் மாமியார் மாவு பிசைகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் பேச வேண்டும். அதற்காகவே கட்டின வீடு மாதிரி.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனி. நாரின் டவுனுக்குப் போகிற சாலை மூடிவிட்டது என்று பக்கத்து வீட்டு குல்பாரா வந்து சொல்லிவிட்டுப் போனாள். மாமனார் விடிகிறதுக்கு முன்பே மேட்டுப் பட்டிக்குப் போய்விட்டார். ஆடு ஈனுகிற காலம். ராத்திரி பகல் பார்க்க முடியாது.

"அவரு சாப்பிடாமக் கொள்ளாமக் கெடக்காரு. கத்துறது எத்தனை விழுந்துச்சோ, எத்தனை செத்துச்சோ" என்றாள் புருல், வறட்டியை உடைத்து அடுப்பில் போட்டபடி.

"கத்துறது" என்றால் ஆட்டுக்குட்டி. நேராகச் சொல்ல மாட்டாள். அந்த ஊர் மருமகள்கள் மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. பேரை மட்டுமா, அந்தப் பேருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. புருலின் மாமனார் பேர், அந்த ஊர்ப் பேச்சில் ஆட்டுக்குட்டிக்கு உள்ள சொல்லில் தொடங்கும். ஆடு வளர்த்துப் பிழைக்கிற வீட்டில் ஆட்டுக்குட்டி என்று சொல்லாமல் ஒருத்தி எப்படிக் காலம் தள்ளுவாள்? தள்ளினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தள்ளினாள். "கத்துறது" என்பாள், "மே-மே" என்பாள். அவரையே குறிப்பிட வேண்டி வந்தால், முன்கூட்டியே பிறந்து கொழுகொழுவென்று இருக்கிற குட்டிக்கு மார்கா என்று வேறொரு சொல் இருக்கிறதே, அதை வைத்து "மார்காபெக்" என்று ஒட்டுப் போடுவாள். ஊரில் எல்லோருக்கும் புரியும். அசல் பேரை நானும் இப்போது சொல்லப்போவதில்லை. அவள் வாயிலிருந்து வரும்போது வரட்டும்.

மகள் ஜிபெக் அடுப்போரம் கம்பளியில் சுருண்டு கிடந்தாள். அஞ்சு வயசு. உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி நீலம் பூத்திருந்தது. நெஞ்சில் ஓட்டை. நாரின் டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "ஆபரேஷனை வசந்தத்தைத் தாண்ட விடாதீங்க" என்று மட்டும் சொன்னார். பிஷ்கெக் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததே தெய்வாதீனம். அந்த இடத்தை ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் இன்று சாயங்காலத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மறுபடியும் நம் முறை வர இலையுதிர் காலம் ஆகும்.

பக்கம் திறந்தது. பிள்ளை பேர் வந்தது. வீட்டுத் தலைவர் பேர், அடையாள அட்டை எண், எல்லாம் போட்டாள். அமுக்கினாள். சிவப்பாக ஒரு வரி: பேர் பொருந்தவில்லை. மறுபடியும் போட்டாள். மறுபடியும் சிவப்பு.

"என்னட்டி, ஆச்சா?" என்றாள் மாமியார் சாகிஷ், கையெல்லாம் மாவு.

"எழவு, எடுக்கவே மாட்டேங்குது அத்தை."

ஆஸ்பத்திரி அனுப்பிய குறுஞ்செய்தியில் உதவிக்கு என்று ஓர் எண் இருந்தது. அதைக் கூப்பிட்டாள். பாட்டுப் போட்டான், காக்க வைத்தான், பாட்டுப் போட்டான். ஒரு பையன் எடுத்து "வணக்கம்க்கா, என் பேரு எர்மெக்" என்று ஆரம்பித்தான். லைன் செத்தது.

புருல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவே அடித்தது. திரையில் தெரியாத எண்.

அவள் எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

புருஷன் உலார் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன். வீட்டைப் பொறுத்தவரை இன்னும் அங்கேதான் செங்கல் அடுக்குகிறான். நிஜம் வேறு. காண்ட்ராக்டர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டான். ராத்திரி கொட்டகையை வெளியே தாழ் போட்டான். கேட்டவனை அடித்தான். ஒருநாள் பனி மூட்டத்தில் உலாரும் இன்னும் சிலரும் வேலி தாண்டி ஓடிவிட்டார்கள். ஓடினவர்களில் ஒருத்தன் அகப்பட்டான். உடைந்த கையோடு அவனைப் படம் எடுத்து அவன் பெண்டாட்டிக்கே அனுப்பி வைத்தார்கள். அந்தப் படம் சுற்றி உலாருக்கும் வந்தது, அவன் புருலுக்கு அனுப்பினான். உலார், கரா-பூலாக்கிலிருந்து போய் அங்கே குடியேறின ஊர்க்காரர் ஒருவரின் வெள்ளரிப் பண்ணையில், கண்ணாடிக் கூடாரத்துக்குப் பின்னால், கொதிகலன் அறையில் ஒளிந்து கிடந்தான். அவனுடைய புது எண்ணை புருல், ஆட்டு ரோமம் வாங்க வருகிறவள் மாதிரி, "கம்பளிக்காரி" என்று போட்டு வைத்திருந்தாள். மாமியாருக்கு அழுகை வந்தால் தெருவையே கூட்டிவிடுவாள். தெருவுக்குத் தெரிந்தால் ரஷ்யாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஒருத்தன் கூப்பிட்டான். வெண்ணெய் மாதிரி குரல். "தங்கச்சி, உலாரோட பாஸ்போர்ட் எங்கிட்ட இருக்கு. பாவம், அது இல்லாம அலைவான். எங்க இருக்கான்னு சொன்னா கொண்டு போய்க் குடுத்துருவேன்." தெரியாது என்று வைத்துவிட்டாள். அதிலிருந்து தெரியாத எண் எது வந்தாலும் எடுக்கப் பயந்தாள்.

"எடேன்டி, அடிச்சிட்டே இருக்கு!" என்றாள் சாகிஷ்.

எடுத்தாள்.

"அக்கா, எர்மெக் பேசறேன். லைன் போயிருச்சு, அதான் நானே கூப்பிட்டேன்."

இவன் குரலும் மெதுவாகத்தான் இருந்தது. படுபாவிகளா, உலகத்தில் மெதுவாகப் பேசுகிறவன் எல்லாம் இப்படி ஒரே நேரத்தில் எனக்குத்தானா கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள்.

"நீ ஆஸ்பத்திரிதான்னு நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம்க்கா. நான் உங்ககிட்ட எந்த ரகசிய எண்ணும் கேக்கப்போறதில்லை. பக்கத்துல என்ன வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். சிவப்பு வரியை வாசித்தாள்.

"சரி. வீட்டுத் தலைவர் யாரு?"

"எங்க மாமா."

"அவரு பேரு?"

புருல் ஜன்னலைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். போன் சத்தமாகப் பேசும்படிதான் வைத்திருந்தாள், இல்லாவிட்டால் திரையைப் பார்க்க முடியாதே. மாமியார் மாவு பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"அதான் அதுல போட்டிருக்கே" என்றாள் புருல்.

"எனக்கு அது நட்சத்திரம் நட்சத்திரமாத்தான்க்கா தெரியும். சொல்லுங்களேன்."

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் அவரை."

"அக்கா, நான் உங்க ஊர் இல்லையே."

பையன்தான் இரக்கப்பட்டு வழி சொன்னான்.

"சரி விடுங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நான் ஒரு செயலி அனுப்பறேன். அதைப் போட்டீங்கன்னா உங்க போன் திரை முழுசும் எனக்குத் தெரியும். மாமாவோட அடையாள அட்டைப் படம் போன்ல இருக்கா?"

"இருக்கு."

"அதைத் திறந்து காட்டுங்க, போதும். நான் பாத்து எழுதிக்கறேன், நிமிஷத்துல முடிஞ்சிரும். இன்னொரு வழி, நீங்களா ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து, அடியில ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்குங்க. ஒரு எண் வரும். அதைச் சொன்னீங்கன்னா அந்த ஒரு பக்கத்தை மட்டும் நாம ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். வேற எதுவும் எனக்குத் தெரியாது. ஆனா பேரு, எண்ணெல்லாம் மறைச்சிருக்கும். அதனால பேரை நீங்க வாயாலதான் சொல்லணும், உங்க குரல் பதிவாகணும். பதிவு பண்ணும்போது யாரு பேசினாங்களோ அவங்க குரலேதான். பிள்ளை பேர்ல காப்பாளர் நீங்கதானே?"

"ஆமா."

"யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு முதல் வழிதான் சுளு."

யோசிக்க என்ன இருக்கிறது என்று சாகிஷ் நினைத்தாள் போலிருக்கிறது. போனுக்குக் கேட்காமல் குசுகுசுவென்று பொழிந்தாள்.

"காட்டிருட்டி! படத்தைத் தொறந்து காட்டிட்டுப் போ. வாயால சொல்லப் போறியா நீ? இந்த வீட்டுல? நானே இத்தனை வருசம் பிள்ளை பெத்து, சண்டை போட்டு, ஒரு தடவை சொன்னதில்லை. நம்ம கிழவர், நம்ம கிழவர்னே ஓட்டிட்டேன்."

"அத்தை, குல்பாராக்காவுக்கு என்னாச்சுன்னு மறந்துட்டீங்களா? இப்படித்தான் ஒருத்தன் செயலி அனுப்பினான். பேங்குன்னான். அவ காட்டினா. கட்டிப்போட்ட பசுவைக்கூட வித்துதான் கரையேறினா."

"அவ கூறுகெட்டவ. நம்ம போன்ல என்ன இருக்கு திருட? ஆட்டுப் படமும் அவிஞ்ச ரொட்டிப் படமும்தானே?"

என்ன இருக்கு! புருலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உன் பிள்ளை இருக்கிறான் இதுக்குள்ளே என்று சொல்ல முடியுமா? அவன் ஒளிந்திருக்கிற இடம், அந்தக் கண்ணாடிக் கூடாரத்தின் படம், ஊர்க்காரர் பேர், எல்லாம் இதுக்குள்தான் இருக்கிறது. மாமியாருக்குப் பயம் வாயைப் பற்றி. இவளுக்குப் பயம் வாயையும் பற்றி, திரையையும் பற்றி.

இருந்தாலும் பழக்கம் பெரிய சனியன். பேரைச் சொல்வதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அவளை உட்கார வைத்து, அந்த வீட்டு ஆண்கள் பேரை எல்லாம் ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டி, "கேட்டுக்கிட்டியா? இனி மறந்துரு" என்றாள். அப்படி விழுங்கின சொல் அது. வெளியே எடுக்கிற வழி அவளுக்குத் தெரியாது.

"முதல் வழியே அனுப்பு தம்பி" என்றாள்.

செயலி இறங்கியது. சிக்னல் இழுத்துக்கொண்டு, பாதியில் நின்று, மறுபடி இறங்கியது. திறந்தாள். நடுத் திரையில் ஓர் அறிவிப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தாள். உங்கள் திரையில் வருகிற எல்லாவற்றையும், படங்கள், கடவுச்சொற்கள், வந்து விழுகிற செய்திகள் உட்பட, எதிரில் இருப்பவர் பார்க்க முடியும். தொடங்கவா?

"அமுக்குங்கக்கா" என்றான் எர்மெக்.

கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. வந்து விழுகிற செய்திகள் உட்பட. உலார் எப்போது செய்தி அனுப்புவான் என்று அவனுக்கே தெரியாது. கொதிகலனுக்குக் கரி போட்டுவிட்டு ஆள் இல்லாதபோது அனுப்புவான்.

நினைத்த வாய்க்குச் சர்க்கரை இல்லை, விஷம்தான். திரையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு பட்டை இறங்கியது.

கம்பளிக்காரி: புருல், பண்ணைக்கு வெளியே ஒரு கார் நிக்குது.

அவ்வளவுதான். பட்டை ஏறி மறைந்தது. புருல் போனைத் திண்டில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கையை வைத்து அமுக்கினாள். இன்னும் தொடங்கவில்லை, இன்னும் அமுக்கவில்லை, அவன் பார்த்திருக்க முடியாது. முடியாதா? செயலி உள்ளே வந்துவிட்டதே!

"கம்பளிக்காரிக்கு இந்தப் பனியில என்னட்டி வேலை?" என்றாள் சாகிஷ், பேரை மட்டும் பார்த்துவிட்டு.

"சும்மா... கம்பளி இருக்கான்னு கேக்கா."

"ஆடு ஈனுற காலத்துலயா கம்பளி? அவளுக்குப் பைத்தியமா?"

"அக்கா? தொடங்கலையா?" என்றது கவிழ்ந்து கிடந்த போன்.

புருல் நிமிர்த்தினாள். வேண்டாம் என்கிற பொத்தானை அமுக்கினாள். அந்தச் செயலியைத் தேடிப் பிடித்து அழித்தாள்.

"வேண்டாம் தம்பி. ரெண்டாவது வழி சொல்லு."

"அதுல பேரு சொல்லணுமேக்கா."

"சொல்லுறேன்."

சாகிஷ் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, என்ன பெண்ணுடி இது! சொல்லுவாளாம்ல!"

"அத்தை, பிள்ளை உதட்டைப் பாருங்க."

"உதட்டைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர் பேரைத் தெருவில போட்டு மிதிக்கவா? நான் வேணா ஒண்ணு சொல்றேன், ஜிபெக்கைச் சொல்லச் சொல்லு. சின்னப் பிள்ளைக்குத் தோஷமில்லை. ஏ கண்ணு, உங்க தாத்தா பேரென்ன?"

ஜிபெக் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "தாத்தா."

"அது தெரியும்டி. பேரு, பேரு!"

"தாத்தா பேரு தாத்தா" என்றாள் ஜிபெக், இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்கிற மாதிரி. யார் சொல்லிக் கொடுத்தார்கள், அவளுக்குத் தெரிய? சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் அந்தப் பேரை யாராவது சொல்ல வேண்டுமே!

"அம்மா குரல்தான்க்கா வேணும்" என்றான் எர்மெக். பாதியாவது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

புருல் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் தானே திறந்தாள். அடியில் பொத்தான் இருந்தது. அமுக்கினாள். ஓர் எண் வந்தது. வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தின்மேல் சின்னதாக ஓர் அம்புக்குறி வந்து நின்றது, யாரோ ஜன்னல் வழியாக விரலை நீட்டின மாதிரி. அது ஊர்ந்து போய் சிவப்பு வரியின் மேல் நின்றது.

"இங்கதான்க்கா நிக்குது. பழைய பதிவுல வேற பேரு, இப்ப நீங்க போட்டிருக்கிறது வேற பேரு. முன்னால போன்ல பதிஞ்சது யாரு?"

"நான்தான்."

"பேரு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

புருலுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பட்டணத்துப் பெண் ஒருத்தி படபடவென்று கேட்டுக்கொண்டே போனாள். வீட்டுத் தலைவர் பேர் என்றதும் இவளும் யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னாள். மார்காபெக். அவளும் எழுதிக்கொண்டாள். எழுதமாட்டாளா பின்னே?

"மார்காபெக்னு சொன்னேன்."

"அவரு பேரு அது இல்லையா?"

"இல்லை."

அப்புறம் பையன் குரல் மாறி வந்தது, அலுவலகக் குரல் போய் வீட்டுக் குரல்.

"அக்கா... நீங்க அந்த வீட்டு மருமகளா?"

"ஆமா."

"அடக் கடவுளே. எங்க அம்மாவும் இப்படித்தான். ஆத்தை ஆறுன்னே சொல்ல மாட்டாங்க. ஓடுறதுல போய்க் குளிச்சிட்டு வாடான்னுவாங்க. நாங்க சிரிப்போம்." அவன் சிரித்தான், உடனே அடக்கிக்கொண்டான். "ஆனா நானா எடுத்துக் குடுக்க முடியாதுக்கா. எனக்கு அசல் பேரு தெரியாது. தெரிஞ்சாலும் நான் சொல்லி நீங்க ஆமான்னா பதிவு செல்லாது. பதிவைத் தொடங்கவா?"

அந்த நேரம் பார்த்து மேலிருந்து பட்டை இறங்கியது.

கம்பளிக்காரி: காண்ட்ராக்டர் ஆளுங்கதான். கொதிகலன் ரூமை விட்டு ஊர்க்காரர் வீட்டு நிலவறைக்கு வந்துட்டேன். தெரியாத நம்பர் எடுக்காதே.

இந்த முறை அது உடனே போகவில்லை. அந்த அம்புக்குறிக்கு ஒரு விரற்கடை மேலே, கொட்டை எழுத்தில், அசையாமல் நின்றது. புருல் உள்ளங்கையால் திரையை மூடினாள். மூடி என்ன பிரயோசனம்? அவன் பார்க்கிறதானால் உள்ளங்கைக்கு அடியிலும் பார்ப்பான். தெரியாத நம்பர் எடுக்காதே. எடுத்தாயிற்றே, இந்நேரம் பேசிக்கொண்டே இருக்கிறேனே!

எர்மெக் பேசவில்லை. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஏன் பேசவில்லை? எழுதிக்கொள்கிறானா? யாரையாவது கூப்பிடுகிறானா? நேற்று வந்த வெண்ணெய்க் குரலும் இவனும் ஒரே ஆளா? ஆற்றுக் கதையெல்லாம் நம்ப வைக்கிற கதையா?

"...க்கா? அக்கா, கேக்குதா? லைன் இழுக்குது இங்க."

"தம்பி." அவள் திரையிலிருந்து கையை எடுத்தாள். "உனக்கு இப்ப என்னென்ன தெரியுது? ஒண்ணு விடாமச் சொல்லு."

"ஏன்க்கா?"

"சொல்லு!"

"மேல ஆஸ்பத்திரி பேரு. அதுக்குக் கீழ பாப்பா பேரு. அப்புறம் நட்சத்திரமா ஒரு கட்டம், இன்னொரு கட்டம், சிவப்பு வரி. என் அம்பு. அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரி பேருக்கு மேல?"

"மேலயா? மேல என்ன இருக்கு, ஒண்ணுமில்லையே. ஏன்க்கா, அங்க ஏதாச்சும் இருக்கா?"

அந்தக் கேள்வியில் இருந்த வெகுளித்தனத்தை அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? ஆஸ்பத்திரிப் பக்கத்தை அவளேதான் திறந்தாள். பொத்தானை அவளேதான் அமுக்கினாள். அவன் அனுப்பினது எதுவும் இப்போது போனில் இல்லை. இதற்குமேல் ஒரு மனுஷியால் எதைத்தான் பூட்ட முடியும்?

"ஒண்ணுமில்லை. பதிவைப் போடு."

"புருல்!" என்றாள் சாகிஷ். அதட்டல் இல்லை, கெஞ்சல்.

"அத்தை, காதைப் பொத்திக்கிடுங்க."

சாகிஷ் நிஜமாகவே மாவுக் கையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

டொக் என்று ஒரு சத்தம் வந்தது. "வீட்டுத் தலைவர் பேரைச் சொல்லுங்கள்" என்றான் எர்மெக், மறுபடி அலுவலகக் குரலில்.

புருல் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சொல் வரவில்லை. "மா..." என்று ஆரம்பித்துக் கடித்துக்கொண்டாள். ஜிபெக்கைப் பார்த்தாள். பிள்ளை கண்ணை மூடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புருல் அந்தச் சொல்லை அடிவயிற்றிலிருந்து தோண்டினாள்.

"கோஸுபெக்" என்றாள், கிசுகிசுப்பாக.

கதவு திறந்தே இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். நிலைவாசலில் மாமனார் நின்றார். தொப்பியில் பனி, மீசையில் பனி. கோட்டைத் திறந்து மார்போடு ஒரு குட்டியை அணைத்திருந்தார். இப்போதுதான் பிறந்தது, ஈரம் காயவில்லை, தலை மட்டும் வெளியே தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! புருலுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

"அக்கா, சரியாக் கேக்கலை. லைன் கரகரங்குது. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் மாமனாரையே பார்த்தாள். அவர் போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்துக் காதைப் பொத்தி நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். கம்பளிக்குள் கிடக்கிற பேத்தியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிற்றோ, பாதிதான் விளங்கிற்றோ.

"என்ன முழிக்கே?" என்றார். "அந்தப் பையனுக்குக் கேக்கலையாம்ல? சத்தமாச் சொல்லு."

"மாமா..."

"சொல்லுங்கிறேன்! நான் பட்டியில நின்னு கூப்பிட்டா எட்டு மலைக்குக் கேக்கும். எம்பேரு இப்படி எலி கீச்சுன மாதிரியா இருக்கு?"

"கோஸுபெக்!" என்று கத்தினாள் புருல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "கோஸுபெக்! கோஸுபெக்!"

"போதும்க்கா, போதும், ஒரு தடவை போதும்!"

சிவப்பு வரி போயிற்று. பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியது. பச்சை எழுத்து வந்தது: இடம் உறுதி செய்யப்பட்டது. அம்புக்குறி அதன்மேல் ஒருமுறை வட்டம் போட்டுவிட்டு மறைந்தது. "பாப்பாவைப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்கக்கா" என்றான் எர்மெக். லைன் முடிந்தது.

சாகிஷ் காதிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கன்னத்திலும் மாவு. "ஆச்சா?" என்றாள் யாரையும் பார்க்காமல். "ஆச்சு" என்றதும் மாவுத் தட்டுக்குத் திரும்பிப் போய், அதில் யார் முகத்தையோ குத்துகிற மாதிரி குத்தினாள். ஆனால் குத்திக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

மாமனார் குட்டியை அடுப்போரம் ஜிபெக் பக்கத்தில் விட்டார். சாக்குத் துணியால் அதைத் துவட்டினார். பிறகு, தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"எங்கம்மா செத்ததுக்கப்புறம் யாரும் கூப்பிடலை. பெரியவரேம்பான், தாத்தாம்பான், ஏய்ம்பா இவ. நானே மறந்துட்டேன்."

புருல் தேநீர் ஊற்றினாள். பிள்ளைக்கு இடம் கிடைத்த சந்தோஷம் வந்து உட்கார மனசில் இடமில்லை. பண்ணைக்கு வெளியே கார் நிற்கிறதே! நிலவறை எத்தனை நேரம் தாங்கும்? இத்தனை நாளாக இந்த வீட்டுக்கு அவள் ஒரே ஒரு பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். உலார் நல்லா இருக்கார், வேலை ஜாஸ்தி, அதான் கூப்பிடலை. மற்றதெல்லாம் நட்சத்திரம்.

போனை எடுத்தாள். சிக்னல் போனால் போகட்டும் என்று ஜன்னலிலிருந்து நகர்ந்து மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கம்பளிக்காரியைத் திறந்து, ஆரம்பத்திலிருந்து, அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

"மாமா, இதையும் பாருங்க. எல்லாத்தையும் பாருங்க. கம்பளிக்காரி இல்லை இது, உங்க பிள்ளை."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். உடைந்த கைப் படம் வந்தபோது விரல் நின்றது. மேலே தள்ளினார். கடைசிச் செய்தி வரைக்கும் வாசித்தார். முகத்தில் பனி உருகி வடிந்ததா, கண்ணீரா, தெரியவில்லை. சாகிஷ் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது யாருக்கும் தெரியாது. புருல் நினைத்த மாதிரி அவள் தெருவைக் கூட்டவில்லை. தலைத்துணி முனையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி சொல்லலை?" என்றாள் கடைசியில். "நான் என்ன கல்லா?"

மாமனார் போனை ஜன்னல் திண்டில் கொண்டுபோய் வைத்தார். பிஷ்கெக்கில் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலைக் கேட்கலாம், அந்த ஊர்க்காரரோடு பேசலாம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் போன் அடித்தது. தெரியாத எண்.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். புருல் கை நீட்டினாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டுத் தானே எடுத்தார்.

"தங்கச்சியா?" என்றது வெண்ணெய்க் குரல்.

"தங்கச்சி இல்லை" என்றார் அவர். "நான் உலாரோட அப்பன். எம்பேரு கோஸுபெக். நாரின் மாவட்டம், கரா-பூலாக். எல்லாம் கேட்டுக்கிட்டியா? இப்ப உம்பேரைச் சொல்லு."

அந்தப் பக்கத்தில் மூச்சு கேட்டது. பேர் வரவில்லை.

"சொல்லுடா. என் மருமகளே சொல்லிட்டா. உனக்கென்ன?"

லைன் அறுந்தது. அவர் போனை மறுபடி திண்டில் சாய்த்து வைத்தார், அடுத்த செய்தி வந்தால் தவறிப்போகக் கூடாதே என்று. வெளியே பனி விட்டபாடில்லை. இனிமேல் ராத்திரி முழுவதும் மூன்று பேரும் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுப்போரம் குட்டி எழுந்து நிற்கப் பார்த்து, காலை அகட்டிக்கொண்டு விழுந்தது. ஜிபெக் கம்பளியை விலக்கி, நீலம் பூத்த உதட்டால், தாத்தா பேரிலிருந்து இன்றைக்குத்தான் கற்றுக்கொண்ட சொல்லைச் சொல்லி அதைக் கூப்பிட்டாள். "கோஸு, கோஸு, வா." அவளை யாரும் அதட்டவில்லை.